படாளத்திலிருந்து உங்கள் ஹெலன்

ஹெலன் கடைசி ஸீட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டு முன்பக்கம் வந்துகொண்டிருந்தார். சித்திரை மாதத்து மத்தியானம். ஆளில்லாத கம்பெனி பஸ். கண்ணாடிகளை இப்படி அடைத்தால் உள்ளே என்ன ஆகும் என்று நான் கவலைப்பட்டேன், அவர் படவில்லை. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஸீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் காலடியில் வைத்தார். கட்டம் போட்ட போர்வை ஒன்றை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வணக்கம் சிஸ்டர்ஸ். படாளத்திலிருந்து உங்கள் ஹெலன். நேத்து எங்க உட்டோம்? நிரஞ்சனா மாடிப்படில நின்னுகினு இருந்தா. ஷ்யாம் கார் சாவியத் தேடிகினு இருந்தான். சரி, இன்னா ஆச்சின்னு பாப்பம்."

அதற்குப் பிறகு அந்தக் குரல் வேறாகிவிட்டது. 'நிரஞ்சனாவின் விழிகளில் ஈரம் படர்ந்தது' என்று சுத்தமாக, ஒவ்வொரு ளகரமும் ழகரமும் அதனதன் இடத்தில் உட்கார, நிறுத்தி நிதானமாக வாசித்தது. நான் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டே கேட்டேன். கதை அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் எழுந்துபோக மனம் வரவில்லை.

போர்வை எதற்கு என்று பிறகு கேட்டேன். "எக்கோ அடிக்கிது சார். போத்திகினா அடங்கிடும்" என்றார். ஜன்னலை மூடுவது ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளுக்காகவும், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்காகவும். வீட்டில் படிக்க முடியாது. ஒரு பக்கத்து வீட்டில் மிக்ஸி, இன்னொரு பக்கத்து வீட்டில் சண்டை. கணவர் ஸ்டான்லி ஓட்டும் கம்பெனி பஸ் காலை ஷிப்ட்டை இறக்கிவிட்டு வந்து, சாயங்காலம் வரை வீட்டை ஒட்டிய மனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும். படாளத்தில் ஹெலனுக்குத் தெரிந்து அதைவிட அமைதியான இடம் கிடையாது.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு டிராக்டர். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு வெளியே பூக்கட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவரின் ஃபோனில் கதை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கதாநாயகி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள். உள்ளே போவதா வேண்டாமா என்று தவிக்கிறாள். கதை உச்சத்துக்குப் போகும் நேரத்தில், "கொஞ்சம் இருங்க, டிராக்டர் போவுது" என்றது அந்தக் குரல். டிராக்டர் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை பூக்கட்டும் கைகள் எல்லாம் அப்படியே நின்றிருந்தன. அடுத்தவர் சமாசாரத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "இது யாரும்மா?" என்று கேட்டேன். "ஹெலன் சிஸ் சார், தெரியாதா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார் ஒரு பெண்.

ஹெலனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. உள்ளூர் அரசுப் பள்ளியில் சத்துணவுச் சமையலர். கிட்டப் போனால் பெருங்காய வாசனை வரும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் களை பறித்தும் இவரைப் பத்தாவது வரை படிக்கவைத்தவர்கள். வேகமாக நடப்பார், வேகமாகச் சாப்பிடுவார், பேசும்போது பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். வாசிக்கும்போது மட்டும் அவசரம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பது இவர்தான். போதகர் மாறினாலும் வாசிப்பவர் மாறுவதில்லை.

வாயை மூடிக்கொண்டு படிக்க இவரால் முடியாது என்பதை ஸ்டான்லி சொன்னார். "பேப்பர்ல கட்டிக் குட்த்த பஜ்ஜிய பிரிச்சாகூட அந்தப் பேப்பர சத்தமா படிக்கும் அண்ணாத்த. நான் பஸ் கழுவிகினு இருப்பேன், அது படியில குந்திகினு கதை படிக்கும். நல்லா கீதேன்னு ஒருநாள் ரெகார்டு பண்ணி பஸ்ல போட்டுட்டேன். பாட்டுக்குப் பதிலா." அந்த பஸ்ஸில் விடியற்காலையில் ஏறுகிற பெண்கள் தொழிற்சாலை வரும்வரை தூங்குவதுதான் வழக்கம். அன்று யாரும் தூங்கவில்லையாம். மறுநாள் மீதிக் கதை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஷபானா என்கிற பெண் ஃபோனில் ஒரு சேனல் திறந்து, கதைகளை அதில் போட வழி செய்து கொடுத்தார். பஸ்ஸிலிருந்து தையற்கடைக்கு, அங்கிருந்து பூக்கடைக்கு, பிறகு யார் யாருடைய அடுப்பங்கரைக்கோ அந்தக் குரல் போய்விட்டது.

கதைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், "குரூப்ல கெடக்கும் சார்" என்பார். பெண்களுக்கான குடும்ப நாவல்கள். எழுதுகிறவர்கள் இணையத்தில் விற்கிறார்கள். வாங்கிய யாரோ ஒருவர் அதைப் பி.டி.எஃப். ஆக்கி ஏதோ ஒரு குழுவில் போட்டுவிடுகிறார். 'சிஸ், அந்தக் கதை இருந்தா போடுங்க' என்று ஒருத்தி கெஞ்சுவாள், இன்னொருத்தி போடுவாள். குழம்பு மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பதைப்போலத்தான் ஹெலன் இதையும் நினைத்திருந்தார். ஸ்டான்லியின் ஃபோனில் கதையைத் திறந்து வைத்துக்கொண்டு தன் ஃபோனில் பதிவு செய்வார். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, யாருக்கும் எதுவும் கொடுத்ததும் இல்லை.

வாசிப்புக்கு நடுவே அபிப்பிராயமும் வரும். 'ஷ்யாமின் உதட்டோரம் ஏளனப் புன்னகை தவழ்ந்தது' என்று வாசித்துவிட்டு, குரலை இறக்கி, "இவன் பண்றது எனக்கே புடிக்கல சிஸ்டர்ஸ். எழுதிகீது, படிக்கிறேன்" என்பார். மாமியார் வரும் இடங்களில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். கதாநாயகி பட்டினி கிடந்தால், "ஒரு வாய் கஞ்சியாவது குடிச்சிருக்கலாம்" என்று அங்கலாய்ப்பார். கேட்கிற பெண்களுக்குக் கதையைவிட இதுதான் பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல் ஸ்டான்லியின் ஃபோனை வாங்கி, ஹெலன் பதிவு செய்ததை ஓடவிட்டு, வரி வரியாகக் கூடவே படித்துப் பார்த்தேன். நிரஞ்சனா கதைதான். 'விஷாகா' என்கிற எழுத்தாளர் எழுதியது. முதல் அத்தியாயங்கள் எழுத்து பிசகாமல் ஒத்துப்போயின. பிறகு ஓரிடத்தில் குரல் ஒரு பக்கம் போயிற்று, கதை ஒரு பக்கம் போயிற்று. கதையில் ஷ்யாம் சந்தேகப்பட்டு நிரஞ்சனாவைக் கன்னத்தில் அறைகிறான். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் அவளுடைய பிறந்தநாள் வருகிறது. அவன் ஒரு நெக்லஸோடு வருகிறான். அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். அவ்வளவுதான். ஹெலனின் குரலில் நெக்லஸ் இல்லை. தெருவே பார்க்க அவன் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். 'நான் உன்னை அடித்தது தப்பு' என்கிறான். எழுதப்படாத அந்தப் பக்கங்களை ஹெலன் அதே நிதானத்தோடு, அதே சுத்தமான தமிழில், ஏட்டில் இருப்பதைப்போலவே வாசித்திருந்தார்.

"இது புஸ்தகத்துல இல்லையே?" என்றேன்.

"இல்ல சார். அது நான் வச்சது."

"அப்படி வைக்கலாமா?"

"இன்னா சார் இப்டிக் கேக்குறீங்க? வேதத்துல ஒரு எழுத்து மாத்த மாட்டேன். இது கதைதான?" என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ போடப் போய்விட்டார்.

சேனல் மறைந்தது அதற்கடுத்த மாதம். அப்போது அரசாங்கம் திருட்டுப் படங்களுக்கு எதிராகக் கொஞ்சம் மும்முரமாக இருந்தது. இணையதளங்களையும் சேனல்களையும் கொத்துக் கொத்தாக முடக்கிக்கொண்டிருந்தார்கள். படாளம் டீக்கடையில் இளைஞர்கள் ஃபோனைத் தட்டித் தட்டிப் பார்த்து, "மச்சான், நம்ம சேனலும் பூட்ச்சிடா" என்று துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். எல்லாம் புதுப்படச் சேனல்கள். நாவல் படிக்கும் பெண்கள் பக்கமும் அந்தக் கை நீளும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காலை ஷபானா தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ஃபோனைத் திறந்தால், கதைகள் இருந்த இடத்தில் சட்டப்படி நீக்கப்பட்டதாக ஆங்கிலத்தில் இரண்டு வரி மட்டும் இருந்தது.

ஹெலன் அன்று அந்தப் பெண்களுக்காகத்தான் கவலைப்பட்டார். அவர் அப்போது வாசித்துக்கொண்டிருந்த வேறொரு கதை பாதியில் நின்றுவிட்டது. கதாநாயகி ரயிலில் ஏறினாளா இல்லையா என்று கேட்டு ஃபோன் மேல் ஃபோன். அச்சரப்பாக்கத்திலிருந்து ஒருத்தி அழாத குறை. சாம்பார் கொதிக்கும்போது ஒரு காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, "ஏறிட்டாம்மா. ஏறி, அவனும் அதே பொட்டில கீறான்" என்று ஹெலன் கதை சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். "வாயால சொல்றத எவனும் தடுக்க முடியாதில்ல சார்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ரெண்டு நாள் தங்கியது. மூன்றாம் நாள் செங்கல்பட்டிலிருந்து போலீஸ் ஃபோன். ஒரு புகார் வந்திருக்கிறது, ஃபோனோடு வந்து பதில் சொல்லிவிட்டுப் போகவும். ஸ்டான்லிக்கு ஷிப்ட். துணைக்கு வருகிறேன் என்று நான் சொன்னேன். துணை என்பது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. என்ன நடக்கும் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விசாரித்தவர் பன்னீர்செல்வம் என்கிற எஸ்.ஐ. நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், "குரல் உங்களுதாம்மா?" என்று கேட்டார். ஹெலன் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு சந்தேகம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. "எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். எஸ்.ஐ. பதில் சொல்லாமல் ஃபோனைத் தட்டினார். "வணக்கம் சிஸ்டர்ஸ். படாளத்திலிருந்து உங்கள் ஹெலன்" என்றது ஃபோன். மூலையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் குனிந்துகொண்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஹெலன் தன் தரப்பு நியாயத்தை எடுத்துவைத்தார். அதை அவர் பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு வந்திருக்கவேண்டும், அத்தனை நம்பிக்கையோடு சொன்னார். "சார், நான் ஒண்ணும் அப்டியே பாத்துப் படிக்கல. அங்கங்க மாத்தினேன், நெறைய எடத்துல நானா சேத்தேன். பாத்து அப்டியே எழுதினாதான சார் காப்பி? பள்ளிக்கூடத்துலயே அப்டித்தான சார்?"

எஸ்.ஐ. பேனாவை மேசைமேல் வைத்தார். "எம்மா, இத எங்கிட்டச் சொன்னதோட உட்டுடுங்க" என்றார். அடுத்தவர் எழுதியதைக் கேட்காமல் ஊருக்குக் கொடுத்தது ஒரு தப்பு, அதை மாற்றி, அந்த எழுத்தாளர் பெயரிலேயே கொடுத்தது அதற்குமேல் ஒரு தப்பு என்று பொறுமையாக விளக்கினார். ஹெலனின் முகம் சுருங்கிவிட்டது. "நல்லாதான சார் மாத்தினேன்" என்று மட்டும் சொன்னார், அதுவும் பாதி விழுங்கிய குரலில்.

புகார் கொடுத்தவர் அந்த விஷாகாதான். அவர் இதை மேற்கொண்டு நடத்த விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தால் விசாரணையோடு முடித்துவிடலாம், இல்லையென்றால் வழக்குப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றார் எஸ்.ஐ. திரும்பும் வழியில் பள்ளிக்குப் போனோம். சத்துணவு அமைப்பாளர் சகுந்தலா ஹெலனுக்கு வேண்டியவர்தான். ஆனாலும் அவர், "எஃப்.ஐ.ஆர்.னு ஒண்ணு வந்துச்சின்னா நான் மேல எழுதித்தான் ஆவணும் ஹெலன். மறைச்சா என் வேலையும் பூடும்" என்றார். ஸ்டான்லியின் வேலை காண்ட்ராக்ட், கம்பெனி எப்போது வேண்டுமானாலும் பஸ்ஸை மாற்றும். "அந்த அடுப்பு எரிஞ்சாதான் சார் எங்க வூட்டு அடுப்பு எரியும்" என்று ஹெலன் சொன்னபோது எனக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை கொஞ்சம் அடங்கிவிட்டது. பேஜாரான விஷயத்தில் தலையைக் கொடுத்துவிட்டார் இந்த அம்மாள் என்று நிஜமாகவே பயந்தேன்.

யார் பக்கம் பேசுவது என்பதும் எனக்கு விளங்கவில்லை. நானும் எழுதிப் பிழைக்கிறவன். என்னுடைய கட்டுரைகள் என் பெயர் இல்லாமல் வாட்ஸப்பில் சுற்றி என்னிடமே வந்திருக்கின்றன. 'அருமையான பதிவு, படித்துப் பகிரவும்' என்று என் மைத்துனரே எனக்கு அனுப்பியிருக்கிறார். அப்போது எனக்கு வந்த கோபம் எனக்கு ஞாபகமிருக்கிறது. ஆனால் பூக்கட்டும் அந்தப் பெண்கள் டிராக்டர் போகும்வரை காத்திருந்ததும் ஞாபகமிருக்கிறது.

எஸ்.ஐ. பேசி, அந்த எழுத்தாளர் ஹெலனைப் பார்க்கச் சம்மதித்தார். வீடு திருக்கழுக்குன்றத்தில், சங்கு தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். ஹெலன் சபைக்குக் கட்டிய புடவையோடு வந்தார். கையில் ஒரு பை நிறைய கொடுக்காப்புளி. வெறுங்கையோடு போக முடியாதாம். பஸ்ஸில் போகும்போது, "விஷாகா எப்டி இருப்பாங்க சார்? ஒல்லியா, முடிய விரிச்சு உட்டுகினு, கார் ஓட்டுவாங்கல்ல?" என்று கேட்டார். அந்த அம்மாளுடைய கதாநாயகிகள் எல்லாம் அப்படித்தான் இருப்பார்கள்.

கதவைத் திறந்தவர் அறுபதை நெருங்கிய ஒரு பெண்மணி. நரைத்த தலையில் ஒரு முழம் மல்லிகை, ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விஷாகா மேடம் கீறாங்களா?" என்றார் ஹெலன்.

"நான்தான். பேர் பர்வதம். விஷாகம் என் நட்சத்திரம். உள்ள வாங்கோ" என்றார் அவர். ஹெலன் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் நறுக்கிய வாழைப்பூ. அங்கேதான் எழுதுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. பர்வதம் எங்களை உட்காரவைத்தார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. கொடுக்காப்புளிப் பையை வாங்கி ஓரமாக வைத்தார். "கார்த்தால சமையல் முடிச்சு, அவருக்கு எல்லாம் எடுத்து வச்சு, நடுவுல கெடைக்கற நேரத்துல எழுதறேன். அடுப்புல பால் பொங்கறதுக்குள்ள ஒரு பாரா. அப்படி எழுதினதை ஒரு வார்த்தை கேக்காம எடுத்துண்டு போய்ட்டேள்" என்றார். குரல் உயரவேயில்லை, அதனாலேயே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"தப்புதாம்மா" என்றார் ஹெலன். "யாரோ குரூப்ல போட்டாங்க. சும்மா கெடக்குதேன்னு நெனச்சுட்டேன். எழுதற கையி ஒண்ணு கீதுன்னு தோணல."

"எடுத்துண்டது கூடப் போகட்டும். போன மாசம் ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தா. 'மேடம், ஷ்யாம் வாசல்ல வந்து நின்னு மன்னிப்புக் கேக்கற இடத்துல அழுதுட்டேன்'னு. அப்படி ஓர் இடத்தை நான் எழுதவேயில்லை. இத்தனை வருஷமா எழுதறேன், அழுதேன்னு ஒருத்தர் எழுதினதில்லை. நான் எழுதாத இடத்துக்கு அழறா. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கோ."

புகார் கொடுக்கவைத்தது இந்தக் கடிதம்தான், கோபமாகக் காட்டிக்கொண்டாலும் இது வருத்தம்தான் என்று எனக்குப் புரிந்தது. அப்போது உள்ளறையிலிருந்து "பர்வதம்" என்று ஓர் ஆண் குரல். சொல்ல வந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு அவர் எழுந்து ஓடினார். உள்ளே ஃபேன் வேகம் கூடிய சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "ஏன் மாத்தினேள்? அதை மட்டும் சொல்லுங்கோ."

ஹெலன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடிச்சான்லமா அவன். ஒரு செயின வாங்கியாந்து போட்டதும் இவளும் சிரிச்சுட்டா. படிக்க வாயே வரலமா. அவன் ஏன் ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கல?"

"ஆம்பளைகள் கேக்கமாட்டா" என்றார் பர்வதம். "எங்காத்துலயும் சரி, எங்க அம்மாவாத்துலயும் சரி, யாரும் கேட்டு நான் பாத்ததில்லை. பாக்காததை எப்படி எழுதறது?"

"நானும் பாத்ததில்லமா. எங்கப்பன் கழனிலேந்து வந்ததும் எங்கம்மாவ அடிப்பான். சாவற வரிக்கும் கேக்கல. அதான் நானே வச்சுட்டேன்."

பர்வதம் வாழைப்பூத் தட்டை நகர்த்தி, அதன் அடியிலிருந்த காகிதத்தை எடுத்தார். எஸ்.ஐ. சொல்லியபடி புகாரைத் தொடர விருப்பமில்லை என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. "உங்க ஃபோன்ல என் கதை எவ்வளவு இருக்கோ அவ்வளவையும் என் கண் முன்னாடி அழிச்சுடுங்கோ. அழிச்சப்புறம் போடறேன்" என்றார். அது நியாயமான நிபந்தனைதான். ஹெலனும் மறுப்புச் சொல்லவில்லை.

ஃபோனை மேசைமேல் வைத்து, ஒவ்வோர் அத்தியாயமாகத் தொட்டு அழித்தார். ஒவ்வொன்றையும் அழிக்கும்முன், 'அழிக்கவா?' என்று ஃபோன் கேட்டது, அவர் ஆமாம் என்று அழுத்தினார். அந்த வேர்வையும் போர்வையும், மூடிய ஜன்னல்களும், ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முக்கியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஹெலனின் விரல் நின்றது.

"இதாம்மா அது" என்றார். "வாசல்ல வந்து நிக்கற எடம்."

பர்வதம் அந்த ஃபோனைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, காகிதத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, ஹெலன் பக்கம் தள்ளினார். ஹெலன் அதை எடுத்து மடித்து, கைப்பையில் பத்திரமாக வைத்தார்.

"இத்தையும் அழிச்சுடறேம்மா."

"இரு" என்றார் பர்வதம். அதுவரை இருந்த பன்மை எங்கோ போய்விட்டது. "நான் இன்னும் கேக்கலை. கேக்கறதுக்கு மனசு வரலை. போடு, கேக்கறேன்."

ஹெலனுக்கு வெட்கமாகிவிட்டது. எழுதியவர் முன்னால், எழுதாததை எப்படிப் போடுவது? என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஃபோனிலிருந்து படாளத்தின் உஷ்ணமும் எங்கோ ஒரு ஹாரனும் மெல்லக் கேட்க, அந்தச் சுத்தமான குரல் புறப்பட்டது.

'தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷ்யாம் வாசற்படியில் ஏறவில்லை. கீழேயே நின்றான். நிரஞ்சனா, நான் உன்னை அடித்தது தப்பு என்றான். அவள் பதில் சொல்லவில்லை. அவனும் போகவில்லை...'

பர்வதம் கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தக் குரல் வந்தது. "பர்வதம், என் கண்ணாடி எங்க? கூப்பிடறது காதுல விழலையா?"

ஹெலன் பதறிப்போய் ஃபோனை நிறுத்தக் கையை நீட்டினார். பர்வதம் அந்தக் கையை மெதுவாக ஒதுக்கினார். ஃபோனைத் தன் பக்கம் இழுத்து, அதன் ஓரத்தில் இருந்த பொத்தானைத் தடவித் தேடிப் பிடித்து, சத்தத்தைக் கூட்டினார்.